பெங்களூரில் சைக்கிள் சுற்றும் பீரும்: எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். இருவர் அல்சூரிலும் மூவர் ஒயிட்ஃபீல்டிலும் வசிக்கிறோம். ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி, ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையில் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊரில் காய்ச்சிய பீரை அருந்தி வந்த படங்களை அனுப்பினான். அதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரைச் சுற்றி, மூன்று மைக்ரோ புரூவரிகளில் (அங்கேயே பீர் காய்ச்சிப் பரிமாறும் சிறு மதுக்கூடங்கள்) நின்று நின்று போகலாம் என்று நினைக்கிறோம். எந்த வழி நல்லது? சைக்கிள் ஓட்டுபவருக்கும் குடிபோதைச் சட்டம் பொருந்துமா? எங்களில் ஒருவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அவரும் வரலாமா?

பதில்: மூன்று நிறுத்தங்களை ஒன்றாக்குங்கள். அந்த ஒன்றையும் அன்றைய சைக்கிள் ஓட்டம் முழுவதும் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நம் ஊரின் சாலைகளும் நேரமும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஒத்துவருகின்றன. நாளும் இப்படி அமைந்தால்தான் இனிக்கும்.

உங்கள் தம்பி போன பாதையில் லாரி வராது. பெங்களூரைச் சுற்றி, சைக்கிளுக்கென்றே ஊர்விட்டு ஊர் நீளும் தனிப் பாதை கிடையாது. ஏரிக்கரை, கிராமச் சாலை, தைல மரத் தோப்புகளுக்கு நடுவே போகும் மண் தடம் என்று நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். இடையில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் லாரிக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடையைத் தூரத்திலேயே கண்டுகொள்ள வேண்டும். நாய் துரத்தினாலும் ஹேண்டில்பாரைச் சட்டென்று திருப்பாமல் பிடிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் கூர்ந்த கவனமும் நொடியில் பிரேக்கைப் பிடிக்கும் கையும் தேவை. மது முதலில் மந்தப்படுத்துவது அவற்றைத்தான். முதல் புரூவரியிலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியில்தான் எனக்குக் கவலை. மூன்றாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், நல்ல சைக்கிள் வழிகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. புரூவரிகளில் பெரும்பாலானவை இந்திரா நகர், கோரமங்களா, மக்ராத் சாலை என்று நெரிசலின் நடுவில் இருக்கின்றன. பெங்களூருக்கும் பீருக்கும் உள்ள உறவு பழையது. தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் ஒன்றாக்கியதில்தான் யுனைடெட் புருவரீஸ் பிறந்தது. அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் சிறு புரூவரிகள் 2010 வாக்கில்தான் வந்தன. இந்திரா நகர் நூறடிச் சாலையில் உள்ள டாய்ட் அவற்றில் முன்னோடி. அங்கே பாசுமதி அரிசி சேர்த்துக் காய்ச்சும் இளம் நிறப் பீர் ஒன்று உண்டு. நம் நாக்குக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது.

நேரத்தையும் கவனியுங்கள். பெங்களூரில் சைக்கிளுக்கு உகந்த பொழுது விடிகாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை. புரூவரிகள் திறப்பதோ நண்பகலை ஒட்டி. இந்த மூன்று மணி நேர இடைவெளியை ஒரு குறையாக நினைக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு மெட்ரோவில் ஏறுவதற்கான நேரம் அது.

இனி வழி. உங்களில் மூவர் ஒயிட்ஃபீல்டில் இருப்பதால், முதல் சுற்றுக்கு ஹொஸ்கோட்டே ஏரியைச் சொல்வேன். ஒயிட்ஃபீல்டு நண்பர் ஒருவரின் வீட்டையே தளமாக வைத்துக்கொள்ளுங்கள். அல்சூர்க்காரர்கள் சனிக்கிழமை மாலையே சைக்கிளோடு வந்து தங்கிவிடட்டும். ஞாயிறு விடிவதற்கு முன் காடுகோடி வழியாகப் புறப்பட்டால், ஏரிக்கரைக்குப் போய்த் திரும்ப முப்பது கிலோமீட்டர் வாக்கில் வரும். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. சைக்கிள் பழக்கம் விட்டுப்போனவருக்கும் தாங்கும். ஒயிட்ஃபீல்டில் சரக்குப் பெட்டக முனையம் இருப்பதால் அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடும். ஞாயிறு விடிகாலை என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். பழைய மெட்ராஸ் சாலையைக் கடக்கும் இடத்தில் எல்லோரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஹொஸ்கோட்டே ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். பறவை பார்ப்பவர்கள் கேமராவோடு கரையில் நிற்பார்கள். மணியடித்து விரட்டாமல் மெதுவாகப் போங்கள். அங்கே தயவுசெய்து பீர் கேனைத் திறக்காதீர்கள். பொது இடத்தில் குடிப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். ஏரிக்கரையில் நம் டயரையும் மாடு மேய்ப்பவரின் காலையும் ஒருசேரப் பதம் பார்ப்பவை யாரோ உடைத்துவிட்டுப் போன பாட்டில் துண்டுகள்தான். அந்தக் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம்.

வழியில் நிறுத்தமே இல்லாமல் என்ன சுற்று என்று கேட்பீர்கள். ஹொஸ்கோட்டேயில் விடிவதற்கு முன்பே தம் பிரியாணிக்கு வரிசை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வந்து வாங்கிப்போகிறவர்களே ஏராளம். அந்த நிறுத்தத்தை வைத்துக்கொள்ளுங்கள். வயிறு கனத்துவிடும் என்று பயந்தால் இட்லியும் வடையும் ஃபில்டர் காபியும் எந்தத் திருப்பத்திலும் கிடைக்கும். திரும்பும் வழியில் ஓர் இளநீர்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலைக் காற்று குளிர்ந்திருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது. மணிக்கு அரை லிட்டராவது குடித்துக்கொண்டே போங்கள். இழந்த நீரைப் பீரில் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை சைக்கிள்காரர்களிடம் பரவலாக இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஷிரெஃப்ஸ், மாகன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. உடற்பயிற்சியில் வியர்த்தவர்களுக்கு வெவ்வேறு மது அளவுள்ள பானங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2 சதவீதம் வரை பெரிய வேறுபாடு இல்லை. 4 சதவீதத்தில் சிறுநீர் அதிகமாகப் பிரிந்தது. உடல் நீர்ச்சமநிலைக்குத் திரும்பத் தாமதமானது. புரூவரிப் பீர்கள் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டியவை. கசப்பு தூக்கலான ஐபிஏ வகைப் பீர் அதற்கும் மேலே போகும். எனவே மோரும் எலுமிச்சைச் சாறும் உப்பும் சோறும் முதலில். புரூவரியில் முதல் கோப்பையைப் பாதி கோதுமைப் பீர், பாதி எலுமிச்சை சோடாவாகக் கேட்டு வாங்கினால் மதுவின் அளவு பாதியாகிவிடும். வெயிலில் போய் வந்த உடம்புக்கு அதன் சுவையும் நன்றாக இருக்கும்.

புரூவரிக்கு மெட்ரோவில் போங்கள். 2023 அக்டோபரிலிருந்து ஊதா நிறத் தடம் ஒயிட்ஃபீல்டு காடுகோடி வரை முழுமையாக ஓடுகிறது. இந்திரா நகர் நிலையத்தில் இறங்கினால் டாய்ட் நடை தூரம்தான். அல்சூர்க்காரர்களுக்கு வீடும் அடுத்த நிலையம். ஒயிட்ஃபீல்டிலேயே முடித்துக்கொள்ள நினைத்தால் விண்ட்மில்ஸ் என்ற புரூவரி இருக்கிறது. புத்தக அலமாரியும் ஜாஸ் மேடையுமாக அமைதியான இடம். ஞாயிறு மதியம் எங்கும் கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மாற்றுச் சட்டையும் ஷூவும் வேண்டும்; சைக்கிள் ஷார்ட்ஸும் செருப்புமாகப் போனால் சில இடங்களில் வாசலிலேயே நிறுத்துவார்கள். காந்தி ஜெயந்தி, தேர்தலையொட்டிய நாட்கள் ஆகியவற்றில் மது கிடைக்காது. தேதி குறிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். அல்சூர்க்காரர்களின் சைக்கிள்கள் அன்றிரவு ஒயிட்ஃபீல்டிலேயே இருக்கட்டும், வாரநாளில் எடுத்துக்கொள்ளலாம். மடக்குச் சைக்கிளைத் தவிர மற்றவற்றை மெட்ரோவில் ஏற்ற முடியாது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பிரிவு மோட்டார் வாகனங்களுக்கு மட்டும். மிதித்து ஓட்டும் சைக்கிளுக்குப் பொருந்தாது. ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு, பொது இடத்தில் போதையில் பிறருக்குத் தொந்தரவு கொடுப்பவர் யாராக இருந்தாலும் பிடிக்கும். யார் மீதாவது மோதிவிட்டால் கவனமின்றி ஓட்டியதற்கான வழக்கும் வரும். மின்சார சைக்கிள் வைத்திருப்பவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டார் திறன் 250 வாட்டையோ வேகம் 25 கிலோமீட்டரையோ தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம்; 185ஆம் பிரிவு அப்படியே வரும்.

அந்த 30 மில்லிகிராம் எவ்வளவு குறைவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 5 சதவீதப் பீர் அரை லிட்டரில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் 40 மில்லிகிராம் அளவுக்கு ஏறலாம். எடை குறைந்த பெண்ணுக்கு அதைவிடக் கூடுதலாக ஏறும். இறங்குவதோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான். காபியோ குளியலோ அந்த வேகத்தைக் கூட்டாது. ஆக, சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வருகிறவர் ஒரே ஒரு கோப்பை குடித்தாலும் எல்லையைத் தாண்டிவிட்டார். சைக்கிள் குழுக்களில் நான் பார்க்கும் உண்மையான ஆபத்து இதுதான்: நாளெல்லாம் ஹெல்மெட்டும் விளக்குமாகக் கவனமாக ஓட்டியவர்கள், கடைசியில் கார்ச் சாவியைக் கையில் எடுக்கிறார்கள். யாராவது காரில் வந்தே தீர வேண்டும் என்றால், அவர் அன்று குடிக்கமாட்டார் என்பதைச் சனிக்கிழமையே பேசி முடித்துவிடுங்கள்.

மாத்திரை எடுக்கும் நண்பரை ஒதுக்க வேண்டாம். சைக்கிள் அவருக்கு நல்லது. பீர்தான் கேள்வி. நீண்ட நேரம் மிதிக்கும்போது தசைகள் தங்கள் சர்க்கரைச் சேமிப்பைச் செலவழிக்கின்றன. கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ஈடுகட்ட முயலும். மது அந்த வேலையைத் தடுத்துவிடும். கிளிமிபிரைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இதனால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். குடித்துப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட. வியர்வை, குழறல், தள்ளாட்டம் என்று தாழ்சர்க்கரையின் அடையாளங்களும் போதையின் அடையாளங்களும் ஒன்றேபோல் இருப்பதால், நண்பர்கள் "குடித்திருக்கிறார், தூங்கட்டும்" என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. அவர் எந்த மாத்திரை எடுக்கிறார் என்பது நால்வருக்கும் தெரிந்திருக்கட்டும். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை அபாயம் குறைவு; அளவுக்கு மீறிய குடியோடு அது ஒத்துப்போகாது. அன்று குடிக்கலாமா என்பதை அவருடைய மருத்துவர் முன்கூட்டியே சொல்லட்டும்.

கால்கள் பழகிய பிறகு, மழை ஓய்ந்த நவம்பர் அல்லது டிசம்பரில், நந்தி மலைக்குப் போங்கள். 1,478 மீட்டர் உயரம். பெங்களூரிலிருந்து 60 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலைதான் இந்த ஊர் சைக்கிள்காரர்களின் பெருமை. அந்தப் பக்கம், தொட்டபள்ளாபூர் அருகே ரகுநாதபுராவில் குரோவர் ஜாம்பாவின் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் இருக்கின்றன. பதிவு செய்தால் ஆலையைச் சுற்றிக்காட்டி, சுவைத்துப் பார்க்கவும் தருவார்கள். அதற்கும் இதே வரிசைதான்: மலை ஏறி இறங்கி, சைக்கிள்களை வேனில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு தோட்டம். வேனை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்து ஐந்து பேரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.