கார்டு தேய்த்த பணத்தில் எவ்வளவு குறையும்?

நாகர்கோவிலில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கார்டு மெஷின் பிடித்தம் பற்றி வியாபாரிகள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கன்னியாகுமரி, சங்குப் பொருள் கடை: அண்ணாச்சி, ஐயப்ப சீசனில் ஒருவர் 3,000 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டு தேய்த்தார். கணக்கில் ஏறியது 2,929 ரூபாய் 20 காசு. பேசியது 2 சதவீதம்தானே?

அந்த 2 சதவீதம் 60 ரூபாய். 60 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 10 ரூபாய் 80 காசு. கணக்கு சரிதான் தம்பி. ஒரு பில் 2,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த ஜிஎஸ்டி கிடையாது. பிடித்த ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. இதற்காக வங்கியிலிருந்து மாதாமாதம் வரும் வரி பில்லைத் திறந்தே பார்க்காத கடைகள்தான் இங்கே அதிகம்.

நாகர்கோவில், நகைக்கடை: எந்தக் கார்டாக இருந்தாலும் ஒரே பிடித்தம்தானா?

இல்லவே இல்லை. உங்களைப் போன்றவர்கள் கல்லாவில் எழுதி ஒட்ட வேண்டிய விஷயம் இது. டெபிட் கார்டுக்கு 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு மேல் என்றால் மெஷினில் 0.90 சதவீதம், ஒரு பில்லுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது. 20 லட்சத்துக்குள் என்றால் 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் கூடாது. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி முதல் ஒன்றும் இல்லை.

கிரெடிட் கார்டுக்கோ உச்சவரம்பே கிடையாது. 90,000 ரூபாய்ச் சங்கிலிக்கு 2 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,124 ரூபாய் போகும். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ஒன்றரை மாத வட்டியில்லாக் கடனுக்கும் பரிசுப் புள்ளிகளுக்கும் பணம் இதிலிருந்தும் போகிறது. பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. செய்கூலியில் தள்ளுபடி கொடுத்துவிட்டு இதையும் சுமப்பதா என்று கேட்டால் நியாயம்தான். விகிதத்தைக் குறைக்கச் சொல்லி வங்கியிடம் பேரம் பேசலாம். விற்பனை பெரிதாக இருந்தால் இறங்கி வருவார்கள்.

மார்த்தாண்டம், தேன் கடை: யுபிஐக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். 2,600 ரூபாயில் பிடித்துவிட்டார்களே, அண்ணாச்சி?

வந்தவர் ஸ்கேன் செய்தது யுபிஐதான் அக்கா. ஆனால் பணம் வந்தது அதோடு இணைத்த ரூபே கிரெடிட் கார்டிலிருந்து இருக்கும். 2022 முதல் அப்படிச் செலுத்தலாம். உங்களைப் போன்ற சிறுவியாபாரிகளுக்கு 2,000 ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் உண்டு. சவுண்ட் பாக்ஸ் முழுத் தொகையைத்தான் சத்தமாகச் சொல்லும். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டுப் பாருங்கள்.

தோவாளை, பூ வியாபாரம்: சாதாரண யுபிஐக்கும் கட்டணம் வருகிறதாமே?

2025 ஜூனில் கிளம்பிய பேச்சு அது. நிதியமைச்சகமே உடனே மறுத்துவிட்டது.

தக்கலை, ஜவுளிக்கடை: 2 சதவீதத்தை வாடிக்கையாளர் பில்லில் சேர்க்கலாமா?

டெபிட் கார்டுக்குக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டுக்கும் மெஷின் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பெரும்பாலும் தடை இருக்கும். படிக்காமல்தானே போட்டீர்கள்? எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.