மண்டபத்து எக்ஸிட் போர்டு: கரண்ட் போனதும் அதுவும் போனால் எதற்கு?

கேள்வி: ஈரோடு பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிறேன். கீழே சாப்பாட்டுக் கூடம், மாடியில் மேடையும் ஹாலும். தீயணைப்புத் துறைச் சான்றிதழுக்காகப் போன வருடம் பச்சை எக்ஸிட் போர்டுகள் பத்து மாட்டினோம். கரண்ட் இருக்கும்போது எல்லாமே எரிகின்றன. போய்விட்டால் பாதிக்கு மேல் உடனே அணைந்துவிடுகின்றன. விற்றவர் பேட்டரிக்கு வாரண்டி இல்லை என்கிறார். எலெக்ட்ரீஷியனோ, “ஜெனரேட்டர் இருக்கிறதே, பேட்டரி எதற்கு? ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் உங்கள் மேனேஜர் மெயினை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறாரா? ஆம் என்றால் பேட்டரியைக் கொன்றது அந்தப் பழக்கம்தான். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எக்ஸிட் போர்டுக்குள் ஒரு சின்ன சார்ஜர், ஒரு பேட்டரி, கொஞ்சம் எல்இடி. இவ்வளவுதான். மெயினை இறக்கினால், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு போர்டு பேட்டரியில் எரியத் தொடங்கும். ஆளில்லாத ஹாலில் ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ எரிந்து காலியாகும். அப்புறம் அடுத்த முகூர்த்தம் வரை, அது பத்து நாளோ இருபது நாளோ, காலியாகவே கிடக்கும். பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியதும் தானாகத் துண்டிக்கும் வசதி விலை குறைந்த போர்டுகளில் இருப்பதில்லை. இப்படி ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒருமுறை வடித்தெடுத்தால் எந்த பேட்டரி தாங்கும்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலியான பேட்டரி முழுக்க ஏறப் பல மாடல்களுக்கு 24 மணி நேரம் பிடிக்கும். மதியம் மண்டபத்தைத் திறந்து மெயினைப் போட்டு, சாயங்காலம் ரிசப்ஷன் வைத்தால், புது பேட்டரியாக இருந்தாலும் கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்தில் அது அரைகுறையாகத்தான் ஏறியிருக்கும்.

ஆகவே முதல் வேலை வயரிங்கில். ஒவ்வொரு போர்டுக்கும் அந்தந்த இடத்து லைட் சர்க்யூட்டிலிருந்தே லைன் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் சுவிட்சுக்கு முன்னாலிருந்து, அதாவது எம்சிபிக்குப் (கோளாறு வந்தால் தானாக இறங்கிக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) பிறகு நேராக வரும் லைனிலிருந்து எடுக்க வேண்டும். மண்டபத்தைப் பூட்டும்போது ஏசி, மேடை, சமையலறை, பிளக் பாயின்ட் எம்சிபிகளை இறக்கிக்கொள்ளலாம். லைட் எம்சிபிகளை ஏற்றியே விட்டு, விளக்குகளைச் சுவிட்சில் அணைக்கட்டும். எம்சிபிகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸில், அந்த லைட் எம்சிபிகளுக்குக் கீழே ‘இறக்கக் கூடாது’ என்று ஒட்டிவிடுங்கள். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். போர்டுக்கு 3 வாட் என்று வைத்தால் பத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்கூட வராது.

மெயின் பேனலிலிருந்து தனி லைன் இழுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். எப்போதும் எரிகிற போர்டுக்கு அது ஒத்துவரும். கரண்ட் போனால் மட்டும் எரிகிற வகை எமர்ஜென்சி விளக்குக்கு ஒத்துவராது. படிக்கட்டு லைட் மட்டும் ட்ரிப் ஆனால், தனி லைனில் கரண்ட் இருப்பதால் அந்த விளக்குக்குச் சேதியே போகாது. படிக்கட்டு இருட்டாகவே இருக்கும்.

ஜெனரேட்டர் விஷயத்தில் உங்கள் எலெக்ட்ரீஷியன் சொல்வது மின்வெட்டுக்குச் சரி, தீக்குச் சரியில்லை. தீ என்றதும் முதலில் இறக்குவது மெயினைத்தான். வருகிற தீயணைப்பு வீரர்களும் ஜெனரேட்டரையும் சேர்த்தே நிறுத்தச் சொல்வார்கள். அதுவரை ஓடினாலும் வயர் வெந்துபோனால் மாடிக்குக் கரண்ட் ஏறாது. 1997-இல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் கீழே டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியது. கரண்டும் போனது, எமர்ஜென்சி விளக்கும் இல்லை. 59 பேர் இறந்தார்கள். போர்டுக்குள்ளேயே பேட்டரி வேண்டும் என்பது இதற்காகத்தான். எமர்ஜென்சி விளக்குகள் குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது நேஷனல் பில்டிங் கோட் என்ற தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

ஸ்டிக்கரை ஒதுக்க வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். அது வெளிச்சத்தைக் குடித்துவிட்டு இருட்டில் ஒளிர்வது. நாள் கணக்கில் பூட்டிக் கிடந்த படிக்கட்டில் அது குடிக்க வெளிச்சம் ஏது? ஆனால் புகை மேலே ஏறி, கதவுக்கு மேலிருக்கும் போர்டைத்தான் முதலில் மறைக்கும். அதனால் விளக்கு எப்போதும் எரிகிற வராண்டாவில், முழங்கால் உயரத்தில், கூடுதலாக ஒட்டினால் நல்லது.

இனி பேட்டரி. போர்டையே மாற்ற வேண்டியதில்லை. பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல போர்டுகளில் 3.6 வோல்ட் நிக்கல்-கேட்மியம் இருக்கும். அதே வகை, அதே வோல்ட் வாங்குங்கள். இடத்தில் உட்காருகிறது என்பதற்காக லித்தியம் பேட்டரியைச் செருகிவிடுகிறார்கள். நிக்கல்-கேட்மியத்துக்கான சார்ஜரில் லித்தியம் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். புதியதன் மேல் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதுங்கள். நன்றாகப் பராமரித்தால் நான்கு வருடம் எதிர்பார்க்கலாம். பால்ஸ் சீலிங்கின் சூட்டில் இருப்பவை இன்னும் சீக்கிரம் போகும். கழற்றியதைக் குப்பையில் போடாதீர்கள், கேட்மியம் விஷம். மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்ததுதான் திறந்தீர்கள், உள்ளே பல்லி முட்டையும் எச்சமும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘போர்டு தானாகப் போய்விட்டது’ என்று சொல்லப்படுகிறவற்றில் சிலவற்றுக்குக் காரணம், சர்க்யூட் மேல் காய்ந்து கிடக்கும் பல்லிதான்.

வாரண்டி பற்றி: பேட்டரி தேயும் பொருள், விற்றவர் சொல்வது பெரும்பாலும் செல்லும். அடுத்த முறை வாங்கும்போது பேட்டரியைக் கழற்றி மாற்றலாமா, எத்தனை மணி நேரம் தாங்கும், அடிமட்டத்தில் துண்டிக்கும் வசதி உண்டா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சோதனைக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு போர்டிலும் டெஸ்ட் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை, லைட் எம்சிபியை இறக்கி ஒன்றரை மணி நேரம் முழுக்க எரிய விட வேண்டும். முடிந்ததும் திரும்ப ஏற ஒரு நாள் ஆகும் என்பதால் இதை விசேஷத்துக்கு முன்தினம் செய்யாதீர்கள். ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள், மண்டபம் எப்படியும் சும்மாதானே இருக்கும். தேதியையும் எந்தப் போர்டு எத்தனை நிமிடம் தாங்கியது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஆய்வின்போதும் காட்டலாம்.

போர்டு நன்றாக எரிந்தும் யார் கண்ணிலும் படாத கதை மண்டபங்களில் சகஜம். டெக்கரேஷன்காரர்கள் சுவர் முழுக்கத் துணி கட்டும்போது பக்கவாட்டுக் கதவும் போர்டும் அதற்குப் பின்னால் போய்விடும். முன்பணம் வாங்கும்போதே, கதவையும் போர்டையும் மறைக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். போர்டைக் கதவின் மேல் பலகையில் அடிக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்தால் போர்டும் சுவரோடு ஒதுங்கிவிடும். நிலைக்கு மேலே மாட்டுங்கள். உள்ளே விளக்கு எரியும் போர்டை அதன் உயரத்தைப் போல 200 மடங்கு தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது கணக்கு. 15 சென்டிமீட்டர் என்றால் 30 மீட்டர். உங்கள் ஹால் அதைவிட நீளம் என்றால் நடுவில் இன்னொன்று தொங்கவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாடியின் பின்பக்கப் படி இப்போது எப்படி இருக்கிறது? பிளாஸ்டிக் நாற்காலிகளும் அண்டாக்களும் அங்கேதான் அடுக்கியிருப்பார்கள், கீழ்க் கேட்டில் பூட்டும் தொங்கும். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் மண்டபத்து மாடிக் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகன் உட்பட அத்தனை பேர் இறந்ததை மண்டபம் நடத்துகிற யாரும் மறந்திருக்க முடியாது. அழையாத ஆட்கள் பின்வாசல் வழியாக வருவார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்குப் பேனிக் பார் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. அது வரும்வரை விசேஷ நேரத்தில் பூட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஆளை உட்கார வையுங்கள்.