தூந்திராவில் மழை குறைவு, ஆனால் சதுப்பு ஏன்?

ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவான மழை பெய்யும் தூந்திரா (வடதுருவத்தை ஒட்டிய, மரங்களற்ற குளிர்நிலம்) ஏன் பாலைவனம் ஆகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பெய்த நீர் போக வழியில்லை, அதுதான் காரணம். குளிரில் நீர் ஆவியாவது மிகக் குறைவு. கீழேயோ ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் மண். கோடையில் மேலடுக்கு மட்டும் இளகுகிறது. உருகிய பனிநீர் அந்த உறைமண்ணைத் தாண்டி இறங்க முடியாமல் குட்டையாகவும் சதுப்பாகவும் தேங்கிவிடுகிறது. கொசுக்களுக்குக் கொண்டாட்டம்!

உங்கள் குழப்பம் மழையளவை மட்டும் வைத்து உயிரினப் பெருவாழிடத்தை (பாலைவனம், தூந்திரா போன்ற பெரும் இயற்கைப் பகுதியை) பிரிப்பதால் வந்திருக்கலாம். 250 மி.மீ.க்குக் குறைந்தால் பாலைவனம் என்றுதான் பல பாடநூல்கள் மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. பெருவாழிடங்களைப் பிரித்துக் காட்டும் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கரின் வரைபடம் ஓர் அச்சில் மழையையும் மற்றொன்றில் வெப்பநிலையையும் வைப்பது சும்மா இல்லை.

இப்படிச் சரிபாருங்கள்: அலாஸ்காவின் வடமுனை ஊரான உட்கியாக்விக், ராஜஸ்தானின் ஜெய்சால்மர் இரண்டின் ஆண்டு மழையளவையும் சராசரி வெப்பநிலையையும் அருகருகே எழுதுங்கள். மழை உட்கியாக்விக்கில்தான் குறைவு, சதுப்பும் அங்கேதான்.

ஒன்று மட்டும்: எல்லாக் குளிர்ப்பகுதியும் ஈரமானதல்ல. அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் அசல் பாலைவனமே. தேர்வில் "துருவப் பாலைவனம்" என்று வந்தால் அதைத் தவறென்று அடித்துவிடாதீர்கள்.