மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரானில் மணல் ஏற்ற பெமிட் (அனுமதிப்பத்திரம்) வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

இல்லை, பெமிட் வேண்டும். 2019 டிசம்பரில் இலங்கை அமைச்சரவை நீக்கியது மணலைக் கொண்டுசெல்லும் பெமிட்டை மட்டும்தான். அகழ்வதற்கான அனுமதிப்பத்திரம் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டப்படி அப்படியே இருந்தது. அந்த நீக்கத்துக்கும் 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

உங்களுக்கு மணல் தருபவர் "சட்டம் மாறிட்டுது" என்பது அந்தப் பழைய செய்தியை நம்பித்தான் இருக்கும்.

காசு கொடுக்கும் முன் பெமிட்டை வாங்கிப் பாருங்கள்: இடம், கியூப் அளவு, திகதி. சந்தேகமென்றால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தில் காட்டிக் கேளுங்கள்.

பெமிட் இருந்தாலும் அதில் எழுதிய இடத்தில் மட்டும்தான் அள்ளலாம். முந்தனையாற்றின் கரையைத் தோண்டினால் மாரி வெள்ளம் பக்கத்து வயலுக்குள்தான் பாயும். தயவுசெய்து அதற்குத் துணைபோகாதீர்கள்.