ரவுட்டரை அணைக்கும் முன் விளக்குகளைப் பாருங்கள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் 12வது மாடியில் இருக்கிறோம். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஒரு மாதமாக மாலையிலும் இரவிலும் இணையம் விட்டுவிட்டுப் போகிறது. கைப்பேசியில் வைஃபை சின்னம் இருக்கும், ஆனால் எதுவும் திறக்காது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் வரும், பிறகு மறுபடி போகும். சேவை மையத்தை அழைத்தாலும் அதையேதான் செய்யச் சொல்கிறார்கள். மகள் இந்த ஆண்டு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதுகிறாள், இணைய வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. புது ரவுட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அடுத்த முறை இணையம் போனால் உடனே சுவிட்சில் கை வைக்கவும் வேண்டாம். அணைத்துப் போட்டால் இணையம் திரும்பலாம், ஆனால் ஏன் போனது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடும்.

ஃபைபர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை நுழைவது மோடத்தில். அதிலிருந்து ஒரு லேன் கேபிள் ரவுட்டருக்குப் போகும். வைஃபை தருவது ரவுட்டர்தான். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும். இணையம் போன அந்த நிமிடமே மோடத்தின் விளக்குகளைக் கைப்பேசியில் படம் எடுங்கள். ‘எல்ஓஎஸ்’ (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து ஒளி ஒழுங்காக வந்து சேரவில்லை. நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கினாலும் அது மாறாது. ‘பான்’ (PON) விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தால், நிறுவனத்தின் கருவியோடு தொடர்பு நிலைக்கவில்லை என்று பொருள். சிவப்பு இல்லை, பான் நிலையாக எரிகிறது என்றால் மட்டும் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள்.

அடுக்குமாடியில் ஒளி குறைவதற்கு ஒரு காரணம் வீட்டுக்கு வெளியே, மாடியில் இருக்கும் டெலிகாம் அறை, அதாவது வீடுகளுக்கான இழைகள் பிரியும் இடம். பல நிறுவனங்களின் ஆட்கள் அங்கே வந்து போவார்கள். பக்கத்து வீட்டுக்குப் புது இணைப்புக் கொடுக்கும்போது உங்கள் இழை வளைந்துவிடலாம், பெட்டியின் மூடியில் நசுங்கலாம். இழை இறுக்கமாக வளைந்தால் ஒளி அந்த வளைவில் கசிந்துவிடும். முழுதாக அறுந்தால் இணையம் ஒரேயடியாகப் போகும். பாதி கசிந்தால் இப்படி விட்டுவிட்டுப் போகலாம். பிரச்சினை தொடங்கிய நாட்களில் உங்கள் மாடியில் யாராவது புதிதாக லைன் எடுத்தார்களா என்று மேனேஜ்மென்ட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் இழை மடங்கியிருக்கிறதா? நாற்காலிக் கால் அதன் மேல் ஏறுகிறதா? மடிப்பை மெதுவாகத் தளர்த்தலாம். ஆனால் மோடத்தில் செருகியிருக்கும் பச்சை முனையைக் கழற்றித் துடைக்கப் போகாதீர்கள், ஒரு துளித் தூசியே ஒளியை மறைத்துவிடும். கழன்ற முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

விளக்குகள் எல்லாம் சரி, இணையம் மட்டும் இல்லையா? மகளின் மடிக்கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, இரண்டு கட்டளைச் சாளரங்களை (Command Prompt) திறங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்), இன்னொன்றில் வெளி இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு ‘பிங்’ (ping) ஓட விடுங்கள்; அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. விண்டோஸில் அது நான்கு முறையோடு நின்றுவிடும், கடைசியில் ஒரு கழித்தல் குறியும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒன்றாக நின்றால் கோளாறு ரவுட்டரில் அல்லது கேபிளில். முதலாவது ஓடி இரண்டாவது நின்றால், ரவுட்டருக்கு அப்பால். இரண்டும் ஓடியும் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (DNS), அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை, கோளாறாக இருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். கேபிளில் எல்லாம் நன்றாக ஓடி, கைப்பேசியில் மட்டும் திணறினால்தான் அது வைஃபை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள், இல்லையென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

மாலையில் போகிறது என்கிறீர்கள். கோலாலம்பூரில் மாலை என்றால் இடி மழை, அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் மின்சாரம் ஒரு கணம் சரிந்தாலே மோடமும் ரவுட்டரும் தாமாக மறுபடி தொடங்கும், எல்லாம் திரும்ப வரச் சில நிமிடங்கள் ஆகும். உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறந்தால் வரும் அமைப்புப் பக்கத்தில் ‘அப்டைம்’ என்று, அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும். நீங்கள் அணைக்காமலே அது பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால், கோளாறு மின்சாரத்திலோ அடாப்டரிலோ இருக்கலாம். மழையே இல்லாத நாளிலும் அப்படி நடந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். டிவி அலமாரிக்குள் பூட்டி வைத்த ரவுட்டரின் அடாப்டர் வெப்பத்திலேயே நலிந்துவிடும். வாங்கும்போது பழையதில் உள்ள அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், அதே முனை என்று பார்த்து வாங்குங்கள். புது ரவுட்டரை விட இது எவ்வளவோ மலிவு.

ஒரு வாரத்துக்கு, இணையம் போன நேரம், திரும்பிய நேரம், விளக்கின் நிறம், மழையா என்பதைக் குறித்து வையுங்கள். அதற்குள் வகுப்பு நின்றால் மகளுக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட் கொடுங்கள், படிப்பு காத்திருக்க வேண்டாம். எல்ஓஎஸ் சிவப்பானது பதிவாகியிருந்தால், அப்புறம் அந்தப் படங்களோடும் குறிப்போடும் சேவை மையத்தை அழைத்து, “அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, எல்ஓஎஸ் சிவப்பாகிறது, டெக்னிசியனை அனுப்புங்கள்” என்று சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அப்படியும் தீராவிட்டால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

டெக்னிசியன் வந்தால், ஒளியை அளக்காமல் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கருவி காட்டும் டிபிஎம் (dBm) எண்ணை, அதாவது ஒளியின் வலிமையை, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கழித்தல் குறிக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி பலவீனம். -20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. பரவலாக உள்ள ஜிபான் (GPON) வகை ஃபைபர் இணைப்புகளில் வீட்டு மோடத்துக்கு -27 ஏறக்குறைய கடைசி எல்லை. உங்களுக்கு -26 என்று வந்தால், டெலிகாம் அறையைத் திறந்து இழையைப் பார்க்கும்வரை வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள்.