படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, பிபியும் சுகரும் உண்டு. படபடப்பு என்று போனபோது ஈசிஜி எடுத்துப் பார்த்து ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் நோய்) என்றார்கள். மெட்டோபுரோலால், அபிக்ஸபான் இரண்டும் சாப்பிடுகிறார். இப்போது படபடப்பே இல்லை. அபிக்ஸபானை நிறுத்திவிட்டு ஆஸ்பிரின் போட்டால் போதாதா? ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போதாது. படபடப்பை அடக்கியது மெட்டோபுரோலால். அது நாடித்துடிப்பின் வேகத்தைத்தான் குறைக்கிறது. மேலறை உள்ளே இன்னமும் தாறுமாறாக நடுங்கிக்கொண்டே இருக்கலாம், அது அப்பாவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இடது மேலறையில் காதுமடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது, மேலறை சரியாகச் சுருங்காதபோது ரத்தம் அதில் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்த நோய் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு. ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் அதற்காகத்தான், படபடப்புக்காக இல்லை.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை, அதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. 65 வயதைத் தாண்டியதற்கு 1, பிபிக்கு 1, சுகருக்கு 1, ஆக அப்பாவுக்கு 3. ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை வேண்டும் என்பதுதான் நடைமுறை.

ஆஸ்பிரின் ‘லேசான மருந்து’ என்ற நம்பிக்கை நம் ஊரில் ரொம்பப் பேருக்கு இருக்கிறது. வார்ஃபரின் என்ற பழைய உறைவுத் தடுப்பு மருந்து ஒத்துவராத நோயாளிகளிடம் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளிவந்தது: அபிக்ஸபான் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே இருந்தது, பெரிய ரத்தக்கசிவோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் பயத்துக்கு ஆஸ்பிரின் பதில் இல்லை. பிபியைக் கட்டுக்குள் வைப்பதும், மூட்டுவலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாமல் இருப்பதும், சிறுநீரகச் சோதனையைத் தவறாமல் செய்வதும்தான் பதில். விலை இடித்தால் ஜெனரிக் கேளுங்கள்.

மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) மிகவும் சுருங்கியவர்கள், செயற்கை உலோக வால்வு வைத்தவர்கள் கதை வேறு, அவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம்தான். அப்புறம், துடிப்பையே சீராக்க அமியோடரோன் மருந்து, மின்அதிர்ச்சி, அப்லேஷன் (கோளாறான துடிப்பைக் கிளப்பும் இடத்தைக் குழாய் வழியாகச் செயலிழக்க வைப்பது) எல்லாம் உண்டு, இதய மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். ஆனால் அப்லேஷன் செய்துகொண்டாலும் இந்த மதிப்பெண் மாறாது என்பதால் மாத்திரை பெரும்பாலும் தொடரும்.

காலை, இரவு என இரண்டு வேளையும் விடாமல் கொடுங்கள், ஒருநாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். பல் பிடுங்கப் போனாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தொங்கினாலோ உடனே 108. அங்கே இரண்டு விஷயம் கேட்பார்கள்: கடைசியாக எத்தனை மணி வரை நன்றாக இருந்தார், கடைசி மாத்திரையை எப்போது போட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், அதுவும் இந்த மாத்திரை உடம்பில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.