அப்பாவின் பெயரில் உதவித்தொகை: சேமிப்பு முழுவதையும் அதில் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் தந்தை சில மாதங்களுக்கு முன் காலமானார். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்கள் மூவரையும் படிக்கவைத்தவர். வெளியில் சொல்லாமல் மற்ற பிள்ளைகள் பலருக்கும் கல்விக் கட்டணம் கட்டியிருக்கிறார். அவருடைய வரவு செலவு நோட்டில் அந்தத் தொகைகளுக்கு எதிரே ‘கொடுத்தது, திரும்ப வர வேண்டியதில்லை’ என்று எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தோம். அவர் விட்டுச்சென்ற வைப்புத்தொகை முழுவதையும் முதலீடு செய்து, அதன் வட்டியில் என்றென்றைக்கும் ஓர் உதவித்தொகை வழங்க வேண்டும் என்கிறார் அண்ணன். அம்மாவும் சம்மதிக்கிறார். செய்யலாமா?

பதில்: உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். அந்த நோட்டைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். அவர் பெயரில் உதவித்தொகை தொடங்குவது மிகப் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘முழுவதையும்’, ‘என்றென்றைக்கும்’ என்ற இரண்டையும் நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும்.

முதலில் அம்மா. துக்கத்தில் இருப்பவர் தரும் சம்மதத்தை வைத்து அவருடைய முதுமைக்கான பணத்தைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு மாதந்தோறும் எவ்வளவு தேவை, அதில் எவ்வளவு ஓய்வூதியமாகவோ வேறு வருமானமாகவோ வருகிறது, மருத்துவச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய செலவு ஏறத்தாழ 14 ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும் என்பதையும் அதில் சேருங்கள். தந்தையின் பெயரில் கடன், வரி பாக்கி ஏதேனும் இருந்தால் அவற்றையும் தீர்த்த பிறகு மிஞ்சுவதே உதவித்தொகைக்கு உரிய பணம். அதுவரை அதைக் குறுகிய கால வைப்பில் விட்டுவையுங்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

அடுத்து, ‘என்றென்றைக்கும்’. முதலீட்டுத் தொகையை நூறு பங்காகக் கொண்டால், அது ஆண்டுக்கு 7 பங்கு ஈட்டுகிறது, பணவீக்கம் 5, நிர்வாகச் செலவு அரை பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதலின் மதிப்பு தேயாமல் நீங்கள் கொடுக்கக்கூடியது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை பங்கு மட்டுமே. செலவு போக மிஞ்சும் ஆறரை பங்கு வட்டியையும் கொடுத்துவந்தால் முதலீட்டுத் தொகை எண்ணிக்கையில் அப்படியே இருக்கும். ஆனால் அது எத்தனை பேருடைய கட்டணத்துக்குப் போதும் என்பது ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். நோபல் பரிசுக்கே இந்தச் சோதனை வந்தது. பணத்தைப் பாதுகாப்பான பத்திரங்களில் முதலீடு செய்ய வேண்டும் என்று ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் உயில் எழுதினார். வரியும் பணவீக்கமும் சேர்ந்து அரித்ததில் பரிசின் உண்மையான மதிப்பு பல பத்தாண்டுகள் சரிந்து கிடந்தது. 1946-இல் வரிவிலக்கும், 1953-இல் நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் அனுமதியும் கிடைத்தன. அப்படியிருந்தும் 1901-ஆம் ஆண்டுப் பரிசின் மதிப்பை எட்ட 1991 வரை ஆயிற்று. தொழில்முறை நிர்வாகம் உள்ள பெரும் நிதிக்கே இந்த நிலை என்றால், குடும்பம் நடத்தும் சிறு நிதி எத்தனை கவனத்தைக் கேட்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அதே நூறு பங்கை 15 ஆண்டுகளில் முதலும் வட்டியுமாகக் கொடுத்து முடிப்பதாக வைத்தால், இன்றைய மதிப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழரை பங்கு, அதாவது ஐந்து மடங்கு, கொடுக்கலாம். ஒரு மாணவருக்குப் பெயரளவில் ஒரு தொகை தருவதற்கும், அவருடைய படிப்புச் செலவில் பெரும்பகுதியை ஏற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது இதைத்தான். உங்கள் தந்தையை நேரில் அறிந்தவர்கள் இருக்கும்போதே, அவர் எப்படிப்பட்டவர் என்று ஒவ்வொரு மாணவரிடமும் அவர்களால் எடுத்துச் சொல்ல முடியும் காலத்திலேயே, பணம் முழுப் பயனோடு போய்ச் சேரட்டும். கொடுத்ததைத் திரும்ப எதிர்பார்க்காதவரின் பணம் கொடுத்தே தீர்வதில் குறையொன்றும் இல்லை. பின்னாளில் பேரப்பிள்ளைகள் விரும்பினால் தங்கள் பங்கைச் சேர்த்துத் தொடரலாம்.

தனி அறக்கட்டளை வேண்டியதில்லை. பதிவு, ஆண்டுத் தணிக்கை, வரிக்கணக்கு என்று சிறு முதலீட்டை அதன் செலவே தின்றுவிடும். நம்பகமான கல்வி நிறுவனம் ஒன்றின் வழியாகவே வழங்குங்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது, யார் தேர்ந்தெடுப்பது, அந்தப் படிப்பே நிறுத்தப்பட்டால் மீதிப் பணம் எங்கே போகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை முழுவதையும் முன்கூட்டியே ஒப்படைக்காமல், தனிக் கணக்கில் வைத்து ஆண்டுதோறும் அனுப்புங்கள். அந்தக் கணக்கில் உங்கள் மூவரில் இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா என்பதை முதல் தவணைக்கு முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

அண்ணனிடம் பேசும்போது அம்மாவின் செலவுக் கணக்கை முதலில் காட்டுங்கள். உதவித்தொகைக்கு எவ்வளவு என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.